விளையாடுவோர் எத்தனை பேர்?

பலர் கூடினாலன்றி ஆட இயலாத விளையாட்டில் ஆள் தொகையே உயிர். 2004-இல் அமெரிக்காவில் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டுக்கு 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர் இருந்தனர். 2015-இல் அத்தொகை 55 லட்சமாகச் சுருங்கியது. இனி அதனை வெளியிடுவதில்லை என நிறுவனம் அறிவித்தது.

பின்னர் அறிவது எங்ஙனம்? ஏரி மீனை எண்ணும் முறை உதவும். ஒரு களத்தில் கண்ட 100 பாத்திரங்களின் பெயர்களைக் குறித்துக்கொள்க. மறுவாரம் காணும் 200 பெயர்களுள் 20 பழையனவாயின், குறித்தவை பத்தில் ஒரு பங்கு; ஆகவே மொத்தம் ஏறத்தாழ 1,000.

எனினும் ஒருவரே பல பாத்திரங்களை ஏற்பதுண்டு. இரவில் மட்டும் வருவோர் பகலிற் காணப்படார். ஆதலின் பல வேளைகளில் எண்ணுதல் வேண்டும். பாத்திரத் தொகையை ஆள் தொகையெனக் கொள்ளலாகாது. துணை நாடிச் சந்தா செலுத்துவோர்க்குப் பெரிய எண்ணினும் நேரிய எண்ணே பயன் தரும்.