சுவரில் ஒரு கணினி

தில்லி மெட்ரோவின் ஊதா வழித்தடமும் மெஜந்தா வழித்தடமும் சந்திக்கும் நிலையம் கால்காஜி மந்திர். அந்த வட்டாரத்தில் மெட்ரோ வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, என்.ஐ.ஐ.டி. என்னும் கணினிக் கல்வி நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் கணினிகள் நிறைந்த அறைகள்; அந்தப் பக்கம் குடிசைகள். 1999ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், குடியரசு நாளன்று, அந்தச் சுவரில் துளையிட்டுப் பொருத்தப்பட்ட கணினி ஒன்று இயக்கி வைக்கப்பட்டது.

கணினியின் திரை குடிசைகளை நோக்கி இருந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ மூன்று அடி உயரத்தில், ஒரு சிறுவனின் கைக்கு எட்டும்படி அது அமைந்திருந்தது. இணைய இணைப்பும் இருந்தது. இது என்ன, இதனை எவ்வாறு இயக்குவது என்று எவரும் சொல்லித் தரவில்லை. தொடாதே என்று தடுக்கவும் இல்லை.

முதலில் சிறுவர்கள் தயங்கி நின்றனர். ஒருவன் தொட்டுப் பார்த்தான். திரையில் ஏதோ ஒன்று அசைந்தது. சில மணி நேரத்திற்குள் அவர்கள் இணையப் பக்கங்களைத் திறக்கத் தொடங்கிவிட்டனர். அடுத்து வந்த நாள்களில் படம் வரையவும், விளையாட்டுகளைத் தேடவும், ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுக்கவும் பழகினர். அவர்களுள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே திரையில் கண்டவற்றிற்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். நகரும் அம்புக்குறியைச் 'சூயி' என்றனர். இந்தியில் அதற்கு ஊசி என்று பொருள். கணினி வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டும் மணற்கடிகைப் படத்தை 'டமரு' என்றனர். அது சிவபெருமான் கையில் உள்ள உடுக்கை. மணற்கடிகையை அவர்கள் கண்டதில்லை, உடுக்கையைக் கண்டிருந்தனர். அறிஞர்கள் கூடிக் கலைச்சொல் உருவாக்கும் வேலையை அந்தச் சிறுவர்கள் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இச்சோதனையைச் செய்தவர் சுகதா மித்ரா. இயற்பியல் படித்து, தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது என்.ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பணியில் இருந்தார். தில்லியில் கண்டதனை மத்தியப் பிரதேசத்தின் சிவபுரியிலும், உத்தரப் பிரதேசத்தின் மதன்துசி என்னும் சிற்றூரிலும் அவர் மீண்டும் செய்து பார்த்தார். அங்கும் சிறுவர்கள் தாமாகவே கற்றனர். அறுவை மருத்துவத்தில் உடலை மிகக் குறைவாகக் கீறிச் சிகிச்சை அளிக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் போலவே, பெரியவர்களின் தலையீடு மிகக் குறைவாக உள்ள கல்வி இது என்று மித்ரா விளக்கினார். 'சுவரில் ஒரு துளை' என்னும் பெயரில் இச்சோதனை உலகெங்கும் அறியப்பட்டது. விகாஸ் ஸ்வரூப் 2005இல் ஒரு புதினம் வெளியிட்டார். அதை எழுதத் தூண்டியவற்றுள் இந்தச் செய்தியும் ஒன்று. ஏ. ஆர். ரகுமானுக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றுத்தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படம் அப்புதினத்திலிருந்து பிறந்ததே.

ஆசிரியராவதற்குப் பயிற்சி பெறும் ஒருவர் இந்த வரலாற்றைப் படித்தால் சற்றே கலங்குவது இயல்பு. இரண்டாண்டு பி.எட். படிப்பில் அவர் 20 வாரங்கள் பள்ளிகளில் தங்கிப் பணியாற்ற வேண்டும். அன்றாடம் கண்டதையும் எண்ணியதையும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். இன்று அவர் நுழையும் வகுப்பறையில் கரும்பலகைக்கு அருகே ஸ்மார்ட் போர்டு எனப்படும் திறன்பலகை இருக்கிறது. அதில் கடல்நீர் ஆவியாகி மேலெழுகிறது, மேகம் திரள்கிறது, மழை பொழிகிறது. அவர் சுண்ணக்கட்டியால் அரைமணி நேரம் வரையும் படத்தைவிட அது அழகாகவும் இருக்கிறது. ஒரு கணினியைச் சுவரில் வைத்தாலே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்றால், ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை? குறிப்பேட்டில் இந்த வினாவை எழுதாத பயிற்சி ஆசிரியர் குறைவாகவே இருப்பார்.

இந்த வினா புதியதன்று. இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதலாகத் தொடங்கப்பட்ட நகரம் தில்லி, ஆண்டு 1959. இரண்டே ஆண்டுகளில், 1961இல், தில்லிப் பள்ளிகளுக்கான பாடங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. பின்னர், 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கருவி வந்தது. ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் இடம் பற்றிய ஐயமும் கூடவே வந்தது.

கால்காஜிச் சோதனையைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் தில்லியின் வேறொரு ஏழ்மையான பகுதியில் அரசின் ஆதரவுடன் இத்தகைய கணினிகள் நிறுவப்பட்டன. மார்க் வார்ஷவர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அவற்றை நேரில் கண்டு எழுதினார். இணைய இணைப்பு பெரும்பாலும் இயங்கவில்லை. இந்தியில் கற்பதற்கென்று ஒன்றும் இல்லை. பிள்ளைகள் படம் வரைவதிலும் விளையாட்டிலுமே பொழுதைக் கழித்தனர். முன்பு வீட்டுப்பாடம் செய்த பிள்ளை இப்போது விளையாடிக்கொண்டே இருக்கிறான் என்று வருந்திய பெற்றோரும் இருந்தனர். பிறகு 2010இல் பாயல் அரோரா என்னும் ஆய்வாளர், உத்தராகண்டின் அல்மோராப் பகுதியில் நிறுவப்பட்டிருந்த கணினி நிலையங்களைத் தேடிச் சென்றதைப் பற்றி எழுதினார். அவை கைவிடப்பட்டுக் கிடந்தன. தெருவில் வைக்கப்பட்ட கணினியை முண்டியடித்து நெருங்குவோர் பெரும்பாலும் சிறுவர்களே. சிறுமியர்க்கு அங்கு இடம் கிடைப்பது எளிதன்று என்னும் குறையும் கூறப்பட்டது.

இக்குறைகள் பொருட்படுத்தத் தக்கவை. கருவியை வைத்துவிட்டால் போதும், கற்றல் தானே நிகழும் என்பது பாதி உண்மைதான். மறுபாதியைக் கண்டறிய உதவியவர்கள் தமிழ்ப் பிள்ளைகள்.

புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த காளிக்குப்பம், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட சிற்றூர். தம் முறையின் எல்லை எது என்று அறிய விரும்பிய மித்ரா, வேண்டுமென்றே மிகக் கடினமான ஒரு பாடத்தை அங்கே கொண்டுசென்றார். உயிரணுவுக்குள் உள்ள டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு எவ்வாறு தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது என்பது அப்பாடம். கல்லூரி மாணவர்களே திணறும் அந்தப் பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்க வேண்டியவர்களோ 10 முதல் 14 வயது வரையுள்ள, தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகள். தொடக்கத்தில் வைத்த தேர்வில் அவர்கள் பெற்ற மதிப்பெண் ஏறத்தாழச் சுழி. எதிர்பார்த்ததும் அதுவே. கணினியில் பாடத்தை வைத்துவிட்டு மித்ரா அங்கிருந்து சென்றுவிட்டார்.

இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்தபின் அவர் மீண்டும் சென்றபோது, பிள்ளைகள் அமைதியாக வந்து நின்றனர். ஏதேனும் புரிந்ததா என்று கேட்டதற்கு, ஒன்றும் புரியவில்லை என்றனர். புரியாத ஒன்றை எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, நாள்தோறும் பார்த்தோம் என்றனர். அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையுயர்த்தினாள். டி.என்.ஏ. மூலக்கூறு பிழையாகப் படியெடுக்கப்பட்டால் மரபுநோய் உண்டாகும் என்பதைத் தவிர வேறொன்றும் புரியவில்லை என்றாள்! இந்நிகழ்ச்சியை மித்ரா பின்னர்ப் பல மேடைகளில் கூறியிருக்கிறார். மறுபடி வைத்த தேர்வில் பிள்ளைகளின் மதிப்பெண் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பதாக உயர்ந்திருந்தது.

முப்பது என்பது வியப்புக்குரியது. ஆயினும் தேர்ச்சிக்குப் போதாது. அறிவியல் ஆசிரியர் ஒருவரை அவ்வூருக்கு வரவழைப்பதும் எளிதன்று. அவ்வூரில் கணக்கராக வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அந்தப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியவர். அவர்களுக்குத் தோழி போன்றவர். மித்ரா அவரிடம் உதவி கேட்டார். தாம் பள்ளியில் அறிவியலே படித்ததில்லை, தம்மால் என்ன சொல்லித்தர முடியும் என்று அவர் தயங்கினார். சொல்லித்தர வேண்டா; ஒரு பாட்டி செய்வதைச் செய்தால் போதும் என்றார் மித்ரா. பிள்ளைகளின் பின்னால் நிற்க வேண்டும். அவர்கள் எதைச் செய்தாலும் வியக்க வேண்டும். இதை எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது, உன் வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாதே என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பெண் மேலும் இரண்டு மாதங்கள் அவ்வாறே செய்தார். மதிப்பெண் ஏறத்தாழ ஐம்பதை எட்டியது.

ஆய்வு இத்துடன் நிற்கவில்லை. அதே தேர்வு அருகிலிருந்த ஓர் அரசுப் பள்ளியிலும், புதுதில்லியின் புகழ்பெற்ற தனியார் பள்ளி ஒன்றிலும் வைக்கப்பட்டது. தனியார் பள்ளியில் இப்பாடம் முறையாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. தில்லிப் பள்ளியின் மாணவர்கள் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர்கள். காளிக்குப்பத்துப் பிள்ளைகள் தாமாகக் கற்றபோது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இணையாக இருந்தனர். அந்தப் பெண் பின்னால் நின்றபோது தில்லி மாணவர்களுக்கு இணையாயினர். மித்ராவும் ரிது தங்வாலும் எழுதிய இந்த ஆய்வுக்கட்டுரை 2010இல் வெளியாயிற்று.

இதிலிருந்து அவசரப்பட்டு முடிவு காண்பது தவறு. ஆய்வில் பங்கேற்ற பிள்ளைகள் சிலரே. தில்லி மாணவர்கள் பெற்றதும் ஐம்பதை ஒட்டிய மதிப்பெண்தான் என்பது, அங்குள்ள கற்பித்தலைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. மேலும், பாடம் அறிந்த ஆசிரியர் தேவையில்லை என்று இது காட்டவில்லை. பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டதைக் கண்டு திருத்த, அறிந்தவர் ஒருவர் வேண்டும். ஆனால் ஒன்று தெளிவாகிறது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே நின்றது புதிய கருவியன்று. கணினி அதேதான், பாடமும் அதேதான். புதிதாக வந்து சேர்ந்தவர், அக்கறையோடு கேள்வி கேட்ட ஒரு மனிதர்.

வெளியூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் பாட்டி, ஞாயிற்றுக்கிழமை கைப்பேசித் திரையில் தோன்றுகிறார். அவருக்கு இந்தியும் தெரியாது. ஏழாம் வகுப்பு அறிவியலும் தெரியாது. "என்னடா கண்ணு, இந்த வாரம் என்ன படிச்சே? எனக்கும் சொல்லு" என்கிறார். ஒளிச்சேர்க்கையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல முயலும்போதுதான், தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது பேரனுக்கே தெரிகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் பாடங்கள் திரைக்குள் சென்றன. கைப்பேசி இல்லாத வீடுகளில் படிப்பு நின்றது. இருந்த வீடுகளிலும் பல பிள்ளைகள் பின்தங்கினர். இழந்த கற்றலை மீட்கத் தமிழ்நாட்டு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அத்திட்டம் பிள்ளைகளிடம் அனுப்பியது கருவிகளையன்று, தன்னார்வலர்களை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக, அவர்கள் தத்தம் தெருவிலேயே மாலைதோறும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு நடத்தினர்.

பயிற்சி ஆசிரியரின் குறிப்பேட்டிற்குத் திரும்பினால், அவர் எழுதிய வினா இப்போது சற்று மாறியிருக்கும். திறன்பலகையில் மழை பொழிந்து முடிந்தவுடன் அவர் அடுத்த பாடத்திற்குச் செல்லலாம்; அல்லது திரையை நிறுத்திவிட்டு, பின்வரிசையில் பேசாமல் இருக்கும் மாணவியிடம், "கடல்நீர் உப்புக் கரிக்கிறதே, மழைநீர் ஏன் கரிப்பதில்லை?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கலாம். எந்தக் கருவியும் அவருக்காக அந்தப் பொறுமையைக் காக்கப் போவதில்லை. பயிற்சிக் காலத்தில் பழகுவதற்கு மிகக் கடினமானதும் அதுவே. வகுப்பு அமைதியானால், தானே விடை சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும்.

மித்ரா 2009இல், பிரிட்டனில் வாழும் பாட்டிமார் பலரை இணையக் காணொளி வழியாக இந்தியப் பிள்ளைகளோடு பேசவைத்தார். பாட்டியல்லாதவர்களும் அதில் சேர்ந்தனர். பெயர் மட்டும் பாட்டிகள் என்றே நிலைத்துவிட்டது. 2013இல் அவருக்குப் பத்து இலட்சம் டாலர் டெட் பரிசு கிடைத்தது. அதைக் கொண்டு அவர் அமைத்த கற்றல் கூடங்களுள் ஒன்று, 2014இல் கால்காஜியின் அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தெருவை நோக்கியிருந்த கணினி, இம்முறை ஒரு வகுப்பறைக்குள் இருந்தது. அதைச் சுற்றி அமர்ந்தவர்கள், அன்று சுவரோரம் இடம் கிடைக்காத சிறுமியர்.