சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா?

அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஒருநாள் அவர் இரவு உணவைச் சாப்பிட்டு முடித்ததும் ஆய்வாளர்கள் தட்டை அகற்றினார்கள். ஒரு நிமிடம் கழித்து அதேபோல இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். மனிதர் ஒரு பேச்சும் பேசாமல் நிதானமாக அதையும் சாப்பிட்டார். மீந்தது சாலட் மட்டும்தான்.

வயிறு நிறைந்துதான் இருந்தது. சாப்பிட்டதுதான் நினைவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசின் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். கடுமையான மறதி நோயுள்ள இரண்டு பேருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் மறுபடியும் மதிய உணவு. இருவரும் மறுக்காமல் சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை வைத்தபோதும் பெரும்பாலும் கொஞ்சமாவது சாப்பிட்டார்கள். நினைவாற்றல் நன்றாக இருந்தவர்களோ இரண்டாவது தட்டைப் பார்த்ததுமே போதும் என்று கையை ஆட்டிவிட்டார்கள். ‘போதும்’ என்பதை வயிறு தனியாகத் தீர்மானிப்பதில்லை, ஞாபகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்த செய்தி.

நமக்கு மறதி நோய் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். டிவி சீரியல் பார்த்துக்கொண்டே மூன்று தோசையை உள்ளே தள்ளுபவருக்கும், கணினித் திரையைப் பார்த்தபடி டிபன் பாக்ஸைக் காலி செய்பவருக்கும் அந்த நேரத்துக்கு ஒரு சின்ன மறதி நோய் வந்துபோகிறது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு குழுவினர் கணினியில் சீட்டாட்டம் ஆடிக்கொண்டே மதிய உணவு சாப்பிட்டார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உணவு ஒன்றே, அளவும் ஒன்றே. ஆட்டம் ஆடியவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாக இருந்தது. என்னென்ன சாப்பிட்டோம் என்பதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் வைத்தபோது அதிகமாக எடுத்துக்கொண்டவர்களும் அவர்களே.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சூசான் ஹிக்ஸ் இதைத் திருப்பிப்போட்டுப் பார்த்தார். இன்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்க்கச் சொன்ன பிறகு பிஸ்கட்டை நீட்டினால், மாணவிகள் குறைவாகவே எடுத்தார்கள். நேற்றைய சாப்பாட்டை நினைவுபடுத்தியதில் அந்தப் பலன் இல்லை. மாலை நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கும் முன் மதியச் சாப்பாட்டை ஒரு நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதற்குக் காசா, பணமா?

இப்படிப்பட்ட 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2013-இல் வந்தது. கவனம் சிதறிச் சாப்பிடும்போது அந்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். அடுத்த வேளையில் அதைவிடவும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பது அதன் முடிவு. நஷ்டம் உடனே கணக்கில் வராமல் தள்ளிப்போய் வருவதால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை போலும்.

சாப்பிடும் வேகம் இன்னொரு விஷயம். உணவு குடலுக்குள் இறங்கியதும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, ‘போதும்’ என்று மூளைக்குத் தகவல் சொல்கின்றன. இன்று உடல் எடையைக் குறைக்க ஊசியாகப் போட்டுக்கொள்ளும் விலையுயர்ந்த மருந்துகள் இந்த ஜிஎல்பி-1-ஐப் போலச் செயல்படுபவைதான். கிரேக்க ஆய்வாளர்கள் 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒருநாள் ஐந்து நிமிடத்திலும், இன்னொரு நாள் அரை மணி நேரத்திலும் சாப்பிடக் கொடுத்தார்கள். மெதுவாகச் சாப்பிட்ட நாளில் இவ்விரு ஹார்மோன்களும் அதிகமாக இருந்தன. (அரை மணி நேரம் உருகாமல் எப்படி வைத்திருந்தார்கள் என்பது வேறு கேள்வி.)

என்ன சாப்பிடுகிறோம் என்பதும் இந்த வேகத்தை மாற்றும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால், 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் அதிகமாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டுமளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 900 கிராம் எடை கூடியது. மென்மையாக இருப்பதால் மெல்லும் வேலை குறைவு, உள்ளே போவது வேகம். 2019-இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு கவளமும் அளக்கப்பட்ட ஆய்வு என்பதால் அதன் மதிப்பு பெரிது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தட்டைச் சின்னதாக்கினால் போதும், எடை தானாகக் குறையும் என்பது போன்ற குறுக்குவழிகளைப் பரப்பிப் பெயர்பெற்றவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய ஆறு கட்டுரைகளை 2018-இல் ஜாமா குழும மருத்துவ இதழ்கள் ஒரே நாளில் திரும்பப் பெற்றன. அவரும் பதவி விலகினார். வாட்ஸ்அப்பில் வரும் உணவு யோசனைகளில் அவர் சொன்னவை இன்னமும் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி என்று நம் தட்டில் மாவுச்சத்துதான் ராஜா. கறியும் கூட்டும் ‘தொட்டுக்கொள்ள’ மட்டும்.

சாப்பிடும் வரிசையை மாற்றினாலே பலன் உண்டு என்கிறது நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனை. காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் தின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து ரொட்டியைத் தின்றபோது, ரொட்டியை முதலில் தின்ற நாளைவிட, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. பதினோரு பேர் என்பது சின்னக் கணக்குதான். என்றாலும் பொரியலையும் சுண்டலையும் முதலில் காலி செய்துவிட்டுச் சோற்றுக்குப் போவதில் யாருக்கும் கெடுதல் இல்லை. கல்யாணப் பந்தியில் இனிப்பை முதலில் வைப்பவர்கள்தான் கோபித்துக்கொள்வார்கள்.

கவனித்துச் சாப்பிடுவது சர்வரோக நிவாரணி அல்ல. கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் பழக்கத்தைக் குறைக்க அது உதவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எடைக் குறைப்பில் வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டை அது மிஞ்சியதாகத் தெரியவில்லை. இன்சுலின் போடுபவர்கள் இதை நம்பி மருந்தைக் குறைப்பதோ, வேளையைத் தள்ளிப்போடுவதோ ஆபத்து. நின்றபடி நாலு வாய் விழுங்கிவிட்டு அடுத்த பேருந்தை எடுக்கும் நடத்துநரிடம் நிதானமாக மென்று சாப்பிடுங்கள் என்பதும் நியாயமில்லை. அவருக்கு முதலில் அரை மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் ஒரு பழக்கத்தை இன்றே நிறுத்தலாம். குழந்தைக்குப் போனில் பாட்டுப் போட்டு, அது வாயைப் பிளந்த நேரம் பார்த்துச் சோற்றை ஊட்டுகிறோமே, அது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டுங்கள், பசி தீர்ந்ததற்கான அடையாளத்தைக் கவனியுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள் என்பதும் அந்நிறுவனத்தின் ஊட்டச்சத்து வழிகாட்டுதலில் இருப்பதுதான். தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்கு வயிறு நிறைந்திருக்கலாம். இன்னும் ஒரு வாய் என்று துரத்தாதீர்கள்.