மூச்சைப் பிடித்து எடுத்த 5,000 போட்டோக்கள்!

வானத்திலிருந்து விழும் பனிப்படிகத்தைக் கறுப்புப் பலகையில் பிடித்து, சின்னக் குச்சியால் கண்ணாடித் துண்டுக்கு மாற்றி, இறகால் மெல்ல அழுத்த வேண்டும். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும்!

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிகோ என்ற ஊரில் விவசாயம் செய்த வில்சன் பென்ட்லி மூச்சை அடக்கிக்கொண்டு செய்த வேலை இது. மைக்ரோஸ்கோப்போடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15-ல் முதல் படத்தை எடுத்தபோது அவருக்கு 19 வயது. கேமராவுக்குப் பணம் கொடுத்த அப்பாவுக்குக் கடைசிவரை அது வெட்டிச் செலவுதான். (எல்லா ஊர் அப்பாவும் ஒன்றுதான் போல!)

நட்சத்திரம், தட்டு, ஊசி, தூண் என்று 5,000 படங்களுக்கு மேல் சேர்ந்தன. மைனஸ் 5 டிகிரி வாக்கில் ஊசி உருவாகும். மைனஸ் 15-ஐ ஒட்டி, கிளை விட்ட நட்சத்திரம்.

2,400-க்கும் மேற்பட்ட படங்களோடு அவருடைய புத்தகம் 1931-ல் வெளிவந்தது. அதே வருட டிசம்பரில், பனிப்புயலில் நடந்து வீடு திரும்பிய பென்ட்லி, நிமோனியா வந்து 23-ம் தேதி இறந்துபோனார்.