ஆத்மீக நாவலும் வாசகர் உள்ளமும்

யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிலே புராணம் படிக்கும் மரபு நெடுங்காலமாக நிலவி வருவதாகும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். அருகே இருக்கும் மற்றொருவர் அதன் கருத்தை விரித்துரைப்பார். இவ்வாறு விரித்துரைத்தலைப் ‘பயன் சொல்லுதல்’ என்று இந்நாட்டு மக்கள் வழங்குவர். ‘பொருள்’ என்னுஞ் சொல் இருக்கவும், ‘பயன்’ என்னுஞ் சொல்லை முன்னோர் ஆண்டமை சிந்தித்தற்குரியது. செய்யுளின் பொருள் நூலகத்தே கிடப்பது; அது கேட்போரின் வாழ்வைத் தொடும்போது பயனாகின்றது. கச்சியப்ப சிவாசாரியர் பாடிய கந்தபுராணத்தின் 10,345 செய்யுள்களும் இவ்வாறே ஊர்தோறும் பயனாக்கப்பட்டன. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தவரின் வாழ்க்கை நெறியைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று குறித்ததும் இதனாலேயாம்.

நாவல் என்னும் இலக்கிய வகைக்கு இத்தகைய பயன் சொல்பவர் இல்லை. அச்சில் வந்த கதையை வாசகர் வீட்டு விறாந்தையிலோ புகைவண்டியிலோ தனித்திருந்து படிக்கின்றார். கதையை இடைநிறுத்தி, இவ்விடத்து உணரத்தக்கது இதுவென எடுத்துரைப்பார் எவருமிலர். ஆயினும் சில நாவல்கள், புராணங்களைப் போலவே, படித்தோரை உருக்கியிருக்கின்றன. அவ்வுருக்கம் எவ்வாறு எழுகின்றது, அதற்கு மதிப்புண்டோ, அன்றி அது வெறும் மனநெகிழ்ச்சியோ என்பன ஆராயத்தக்க வினாக்களாம்.

ஆத்மீக நாவல் என்றவுடன் துறவியரும் தேவரும் உலாவுங் கதையென்று கருதிவிடலாகாது. துன்பத்தினாலோ அன்பினாலோ ஓர் உயிர் தன்னல நிலையினின்று நீங்கி உயர்வடைவதை அச்சாகக் கொண்டு சுழலும் கதை எதுவோ, அதனையே ஆத்மீக நாவல் எனல் பொருந்தும். ஈழத்தில் நாவல் வளரத் தொடங்கிய நாளிலேயே இந்நோக்கு இருந்தது. சி. வை. சின்னப்பபிள்ளை 1905இல் வெளியிட்ட ‘வீரசிங்கன் கதை’க்குச் ‘சன்மார்க்க ஜெயம்’ என்னும் மறுபெயரும் உண்டு. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட நாவலின் பெயர் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்பது. விவிலியத்துச் சங்கீதத்தை அறிந்தோர்க்கு அத்தொடர் புதிதன்று. சைவராயினும் கிறிஸ்தவராயினும், அக்காலத்து ஆசிரியர் தம் கதையின் பயனைத் தலைப்பிலேயே உரைத்துவிட்டனர். பயன் சொல்பவர் இல்லாக் குறையை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

தமிழகத்திலே இதற்கு முன்னரே தோன்றிய ஒரு நாவல், பயனை வாசகரே தேடிக்கொள்ளுமாறு விட்டது. அதுவே ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஆகும். வத்தலக்குண்டில் 1872இற் பிறந்த ராஜமையர் இதனை ‘விவேக சிந்தாமணி’ என்னும் பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதினார். 1896இல் அது நூலாயிற்று. அப்போது அவர் இருபதுகளைக் கடவாத இளைஞர். சிறுகுளம் என்னுங் கிராமத்தில் மனைவி கமலாம்பாளோடு செல்வமாக வாழும் முத்துஸ்வாமி அய்யர், மகனையிழந்து, பொருளிழந்து, ஊரார் கட்டிவிட்ட அபவாதத்தால் மனைவிமீது கொண்ட நம்பிக்கையும் இழந்து, வீட்டை விட்டு வெளியேறுகின்றார். சிதம்பரத்திலே ஒரு ஞானியைக் கண்டு உய்தி பெறுகின்றார். பின்னர் இழந்தவை மீளக் கிடைக்கும்போது அவர் பழைய முத்துஸ்வாமி அய்யராக இல்லை. கதையினும் ஓர் ஆன்மா அலைந்து அமைதி பெறுவதே தமக்கு முக்கியமென்று ஆசிரியர் நூலின் இறுதியிலே புலப்படுத்தினார்.

ராஜமையர் 1896இற் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கில வேதாந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராகி, 1898இல் மறையும்வரை அப்பணி புரிந்தார். அவர் அப்பத்திரிகையை நடத்திய நாளிலேதான், 1897 ஜனவரியில், சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்துக்கு வருகை தந்து இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றி உரையாற்றினார். நாவலாசிரியரை எழுதத் தூண்டிய ஆத்மீக வேட்கையும், யாழ்ப்பாணத்து மக்களைத் திரளாகக் கூட்டிய ஆத்மீக வேட்கையும் ஒரே காலத்தன என்பது இதனாற் புலனாகும்.

இந்நாவலைப் படித்தோர் இரு திறத்தினர். முற்பாதியில் வரும் ஊர்வம்பையும் தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் நகைச்சுவையையும் சுவைத்து, பிற்பாதியில் வேதாந்தம் கதையை விழுங்கிவிட்டது என்று குறைபட்டோர் ஒரு திறத்தினர். பிற்பாதியே நூலின் உயிர்நாடியெனக் கொண்டோர் மற்றத் திறத்தினர். நூல் ஒன்றே, பயன் இரண்டாயிற்று. அம்மையப்ப பிள்ளையைக் கண்டு சிரிப்பதற்கு வாசகனுக்கு யாதொரு முன்னனுபவமும் வேண்டியதில்லை. முத்துஸ்வாமி அய்யர் சிதம்பரத்திலே நின்ற நிலையை உணர்வதற்கோ, தானும் ஏதேனும் ஒன்றை இழந்து நின்றிருத்தல் வேண்டும். ஆத்மீக நாவல் வாசகனிடம் கேட்கும் விலை இதுவேயாம்.

வாசகர் உள்ளத்தின் மறுமொழி இதனினும் வெளிப்படையாகத் தோன்றிய இடம் நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ ஆகும். 1960ஆம் ஆண்டை ஒட்டி, மணிவண்ணன் என்னும் புனைபெயரில், ‘கல்கி’ வார இதழிலே அது தொடராக வந்தது. தமிழ்ப் பேராசிரியர் அழகியசிற்றம்பலம் மறைந்தபின், அவருடைய மகள் பூரணி, தம்பியரும் தங்கையுமாகிய சிறியோரைக் காக்கும் பொறுப்பை வறுமையினூடே தாங்குகின்றாள். அச்சிறியோரின் பெயர்கள் திருநாவுக்கரசு, சம்பந்தன், மங்கையர்க்கரசி என்பன. முருகன் உறையும் திருப்பரங்குன்றம் கதையின் நிலைக்களங்களுள் ஒன்று. அச்சகத்திலே பணிபுரியும் அரவிந்தன் அவள்பால் அன்பு கொள்கின்றான். இருவர் அன்பும் பிறர்க்குழைக்கும் விரதமாக வளர்கின்றது. திருமணம் நிகழுமுன்னரே அரவிந்தன் இறந்துபடுகின்றான். பூரணி அவன் நினைவோடு தொண்டிலே நிலைக்கின்றாள். நல்லூரிலும் செல்வச்சந்நிதியிலும் முருகனை வழிபட்டு, பெரியபுராணத்தைக் கேட்டு வளர்ந்த வாசகர்க்கு இக்கதை அயலதாகத் தோன்றுதல் இயலாது. மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தபின், தம்பியாரின் பொருட்டு உயிர் தாங்கி, சிவத்தொண்டிலே வாழ்ந்த திலகவதியாரின் சாயல் பூரணியிடத்தே தெரியும்.

தொடர்கதை படிப்போர் நிலை புராணங் கேட்போர் நிலையினின்றும் ஓரிடத்திலே வேறுபடுகின்றது. கலிப்பகையார் மீளார் என்பதைப் புராணங் கேட்போர் முன்னரே அறிவர்; அறிந்தும் உருகுவர். அரவிந்தன் பிழைப்பானா என்பதைத் தொடர்கதை படிப்போர் அறியார். ஓரிதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையிலுள்ள ஏழு நாட்களும் கதைமாந்தர் வாசகர் வீட்டிலேயே வாழ்கின்றனர். அவர்களைப் பற்றி அடுக்களையிலும் வகுப்பறையிலும் பேச்சு நிகழ்கின்றது. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கழற்றியெடுத்து, புத்தகமாகக் கட்டி, வீட்டுக்கு வீடு இரவல் கொடுக்கும் வழக்கமும் அக்காலத்து இருந்தது. ஆகவே அரவிந்தன் இறந்தபோது வாசகர் பலர் தம் வீட்டிலே ஒருவரை இழந்தவர் போலக் கண்ணீர் விட்டதில் வியப்பில்லை.

வியப்புக்குரியது அதன்பின் நிகழ்ந்ததேயாம். வாசகர் பலர் தமக்குப் பிறந்த குழந்தைகளுக்குப் பூரணியென்றும் அரவிந்தனென்றும் பெயர் சூட்டினர். நம்மவர் பெயரிடும் முறையை நோக்கினால் இதன் அருமை விளங்கும். இறைவன் பெயர், அடியார் பெயர், பாட்டன் பாட்டியர் பெயர் என்பனவே வழிவழியாக இடப்படுவன. பெயரிடுதல் ஒரு வாழ்த்து. இளமையிலே மாண்டவனுடைய பெயரையோ, வாழ்வு கைகூடாத பெண்ணின் பெயரையோ தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கு இடத் தாய்மார் அஞ்சுவர். அவ்வச்சத்தையும் மீறி இப்பெயர்கள் இடப்பட்டன.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் இதற்கு விளக்கம் காணலாம். அழுகை பிறத்தற்குரிய நிலைக்களங்களுள் ஒன்று இழவு. பெருமிதம் பிறத்தற்குரியனவற்றுள் ஒன்று கொடை. அரவிந்தனுடைய மறைவு இழவாக மட்டும் உணரப்பட்டிருப்பின், கண்ணீரோடு அமைந்திருக்கும். அவன் தன்னையே கொடுத்தவனாக உணரப்பட்டமையால் அழுகை பெருமிதமாயிற்று. இரக்கத்துக்குரியவரின் பெயரை எவரும் தம் மகவுக்கு இடார். பெருமிதத்துக்குரியவரின் பெயரையே இடுவர். ஆகவே பெற்றோர் இட்ட அப்பெயர்கள், நாவலுக்கு அவர்கள் தாமே சொல்லிக்கொண்ட பயனாகும்.

இத்தகைய உருக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1761இல் ரூசோவின் ‘ஜூலி’ என்னும் நாவல் வெளிவந்தபோது, பிரெஞ்சு வாசகர் பலர் தாம் அழுததையும் நல்வாழ்வு வாழ உறுதி பூண்டதையும் ஆசிரியருக்குக் கடிதங்களில் எழுதினர். 1852இல் ஹரியட் பீச்சர் ஸ்டோ நூலாக வெளியிட்ட ‘டாம் மாமாவின் குடிசை’, கொடுமைக்கு ஆளாகியும் விசுவாசத்தைக் கைவிடாத ஓர் அடிமையின் கதை. முதலாண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 3,00,000 பிரதிகள் விற்பனையான அந்நூல், அடிமை முறைக்கு எதிரான மக்கள் உணர்ச்சியை வளர்த்தது. வாசகர் கண்ணீர் தம் அறையைக் கடந்து செயலாக மாறக்கூடும் என்பதற்கு அது சான்றாம்.

எதிர்வாதமும் கேட்கத்தக்கதே. குறிஞ்சி மலரின் மாந்தர் மாசற்றவர்களாக இருப்பது இயல்புக்கு ஒவ்வாது என்று விமரிசகர் கூறியதுண்டு. நாவலைச் சமுதாயச் சூழலோடு பொருத்தி மதிப்பிடவேண்டுமென ஈழத்திலே கா. கைலாசபதி தமது ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்னும் நூலில் வற்புறுத்தினார். இவ்வளவைகள் இன்றியமையாதன. கதைமாந்தரின் துன்பத்துக்கு அழுதுவிட்டு, வாயிலிலே வந்து நிற்கும் ஏழையைக் கடிந்தனுப்பும் வாசகரும் உளர்; அவர்தம் கண்ணீர் தம்மைத் தாமே மெச்சிக்கொள்வதற்கு ஒரு வழியாகவும் அமைந்துவிடக்கூடும். ஆயினும் புராணங் கேட்டவர் அனைவரும் அடியாராகிவிடவில்லை என்பதற்காகப் புராண படனத்தை எவரும் இகழ்வதில்லை. விமரிசகர் நூலின் அமைப்பை அளக்கின்றார். வாசகர் தம் வாழ்வைக் கொண்டு நூலை அளக்கின்றார். இவ்விரண்டில் ஒன்று மற்றதன் இடத்தைக் கொள்ளமாட்டாது.

இவ்வுண்மை ஆசிரிய உலகுக்குப் பெரிதும் வேண்டுவது. பாட நூலுக்குள் நாவலை மறைத்துவைத்துப் படிக்கும் மாணவன் கண்டிக்கப்படுகின்றான். நாவலே பாட நூலாகும்போது, கதைச் சுருக்கமும் பாத்திரப் பண்பும் வினாக்களாகின்றன. இரண்டுக்கும் விடையெழுதி மாணவன் சித்தியடைகின்றான். அக்கதையைப் படித்து இரவிலே உறங்காது கிடந்த மாணவி, தன் உள்ளத்தே நிகழ்ந்ததை எழுதுவதற்கு விடைத்தாளில் ஓரிடமும் காணாள். காலப்போக்கில், அது எழுதத்தகாத ஒன்றென்றே எண்ணிவிடுகின்றாள். அவ்வாறு எண்ணுபவள் தேர்வு முடிந்தபின் புத்தகத்தை மூடிவிடுவாள். பொருளைக் கற்பித்துப் பயனை விட்டுவிடும் கல்வியால் நேரும் இழப்பு இதுவாகும். “இக்கதையிலே உன்னை நிறுத்திவைத்த இடம் எது? ஏன்?” என்று வகுப்பிலே ஒரு வினா கேட்பதற்குச் சிறிது நேரமே வேண்டும். கோயில் மண்டபத்திலே பயன் சொன்னவர் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அம்மலரின் பெயர் பூண்ட நாவல் வந்த நாளிற் பிறந்து, பூரணியென்றும் அரவிந்தனென்றும் பெயரிடப்பெற்ற குழந்தைகள் இன்று அறுபது வயதைக் கடந்தவராவர். அவருள் அந்நாவலைப் படியாதவரும் இருக்கக்கூடும். தமக்கு அப்பெயர் வந்த காரணத்தை வினவியபோது, அன்னையோ தந்தையோ தாம் முன்பு படித்த ஒரு கதையைச் சொல்லியிருப்பர். அச்சிலே தொடங்கிய கதை அவ்வாறு வாய்மொழியாகி அடுத்த தலைமுறைக்குச் சென்றது.