சூரியனுக்குள் ஒரு சரிகை

காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பட்டு இழைகளின் ஊடே சிறிது வெளிச்சம் கசியும். வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகை ஓடும் இடமோ வெளிச்சத்தை மறைக்கும். சூரியனுக்குள்ளும் ஒரு சரிகை உண்டு. அதுதான் இரும்பு!

சூரியனில் சுமார் 30,000 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஓர் இரும்பு அணுவே இருக்கிறது. இவ்வளவு சொற்பமான இரும்பு ஒளியைத் தடுப்பது எப்படி?

மையத்தில் பிறக்கும் ஆற்றல், சூரியனின் ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு தூரம் வரை ஒளிக் கதிராகவே பரவுகிறது. அந்த எல்லையில் வெப்பநிலை சுமார் 20 லட்சம் டிகிரி. வெப்பத்தால் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழப்பதைக் கணக்கிட 1920-இல் சமன்பாடு தந்தவர் நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாஹா. அங்கே ஹைட்ரஜன் தன் ஒரே எலெக்ட்ரானையும் இழந்துவிடுகிறது. இரும்புக்கோ 26 எலெக்ட்ரான்கள்; பதினேழை இழந்தாலும் ஒன்பது மிஞ்சும். எக்ஸ் கதிர் வந்து மோதினால், அவற்றுள் ஒன்று பிய்த்துக்கொண்டு வெளியேறும், கதிர் விழுங்கப்பட்டுவிடும். இதுவே ஒளி அயனியாக்கம். சூரியனின் ஒளிபுகாத் தன்மைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் இரும்பை ஏறத்தாழ அதே வெப்பத்துக்குச் சூடாக்கி அளந்தார்கள். முடிவு 2015-இல் வெளியாயிற்று. கணக்கிட்டதைவிட, அலைநீளத்துக்கு ஏற்ப 30 முதல் 400 சதவீதம் வரை அதிகமாக இரும்பு ஒளியைத் தடுத்தது!

இரும்பின் கணக்குப் பிசகினால் சூரியனின் உள்ளமைப்பைப் பற்றிய கணக்கும் பிசகும். விண்மீன்களின் வயதுக் கணக்கும் தப்பாகும். இந்த வேறுபாட்டுக்கு முழு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. விடை காணும் வேலை உங்களுக்கும் மிச்சமிருக்கிறது.