மாறும் அலுவலகமும் மனிதர்களும்

டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் ரயில் ஏறிய தலைமுறையைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தட்டச்சு இயந்திரம் இன்று அலுவலகங்களில் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்துகொண்டு, "செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எங்கள் வேலை என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். அதே கேள்வியைக் கேட்கும் பத்து ஊழியர்களுக்கு மேலாளராக இருப்பவர்களும் அவர்களில் உண்டு.

நான் 1978-ல் பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, 2014-ல் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். பெரும்பாலான வருஷங்கள் கல்கத்தாவில். பேரேட்டுக் காலத்தையும் கணிப்பொறிக் காலத்தையும் ஒரே நாற்காலி வரிசையில் பார்த்தேன். வேலை மாறும்போது ஊழியர்களை எப்படி நடத்துவது என்பது பற்றி அந்த அனுபவம் கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கணிப்பொறி நிறுவ முனைந்தபோது ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வங்கிகளில் 1983-ல் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த நம் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை தந்தது. பிறகு 1987-லும் 1993-லும் மேலும் ஒப்பந்தங்கள் வந்தன. எந்த இயந்திரம், எந்தக் கிளையில், யார் இயக்குவது, அவருக்கு என்ன படி என்பதெல்லாம் பேசித் தீர்க்கப்பட்டன. இது ஆமை வேகம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த அவகாசம் இருந்ததால்தான் ஐம்பது வயதுக்காரர்களும் மூச்சு விட்டுக்கொண்டு கற்றுக்கொள்ள முடிந்தது.

மாற்றத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள விஷயம். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு, குறிப்பிட்ட பணி நிபந்தனைகளை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2020-ம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. சட்டம் கேட்பது குறைந்தபட்சம். நல்ல மேலாளர் அதற்கு வெகு முன்பே வாய் திறப்பார். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தீர்மானமாகாததை இன்னும் தீர்மானமாகவில்லை என்றும் சொல்லிவிட வேண்டும். மேலாளர் மௌனமாக இருந்தால் டீக்கடை பேச ஆரம்பித்துவிடும்.

அடுத்து, ஊழியர் எதை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும். சம்பளம் குறையாவிட்டாலும் மதிப்பு குறையலாம். எங்கள் கிளையில் பேரேடு எழுதும் வங்காளப் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'தாதா'. மாதக் கடைசியில் பேரேட்டுக் கணக்கு பொருந்தாமல் நாங்கள் விழித்தால், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் போனால், "எங்கோ 63-ஐ 36 என்று எழுதியிருக்கிறீர்கள், இலக்கம் இடம் மாறியிருக்கிறது, தேடுங்கள்" என்பார். பெரும்பாலும் அப்படியே இருக்கும். 1990-களில் கிளை முழுவதும் கணிப்பொறிக்கு மாறியது. கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பதை இயந்திரமே செய்தது. தாதாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "கற்றுக்கொள்ள மறுக்கிறார்" என்று மேலிடத்துக்குப் புகார் போனது.

அப்போது அந்தப் பிரிவுக்கு நான் அதிகாரி. பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு ஏற்றிய ஆரம்ப இருப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். "தாதா, இயந்திரம் கூட்டுவது சரிதான். அதற்குள் நாம் போட்டது சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன். முதல் வாரத்திலேயே, ஒரே பெயருள்ள இரண்டு வாடிக்கையாளர்களின் இருப்புகள் கணக்கு மாறி ஏறியிருந்ததைப் பிடித்தார். மொத்தம் சரியாக இருந்ததால் இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. திருத்துவதற்காகத் திரையைப் பார்க்க ஆரம்பித்தவர், மூன்று மாதத்தில் தானே விசைப்பலகையைத் தொட்டார். பழைய திறமைக்குப் புதிய வேலையில் ஓர் இடம் கிடைத்தால், மீதியை மனிதர் தாமே கற்றுக்கொள்கிறார்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்கள். கோப்பும் சான்றிதழுமாகத் திரும்பி வருவார்கள். இயந்திரம் நாலு மாதம் கழித்து வரும். அதற்குள் எல்லாம் மறந்து போயிருக்கும். பயிற்சி அவரவர் இருக்கையில், அவரவர் வேலையை வைத்து, அலுவலக நேரத்துக்குள் நடக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவருடைய கவுன்டரை வேறொருவர் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் இளைஞருக்கு நான் ஒரே ஒரு விதிதான் வைப்பேன்: மௌஸைக் கற்பவர் கையிலிருந்து பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் வேலை சீக்கிரம் முடியும், படிப்பும் அத்தோடு முடியும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று நம் பெரியவர்கள் சொன்னது அலுவலகத்துக்கும் பொருந்தும்.

பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும் காலம்தான் மிகவும் கடினம். பேரேட்டிலும் எழுத வேண்டும், கணிப்பொறியிலும் ஏற்ற வேண்டும். அந்த இரட்டை வேலைக்கு ஒரு முடிவுத் தேதியை அறிவித்து, அதைக் காப்பாற்ற வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சீக்கிரம் கற்றுக்கொண்டவர் தலையில்தான் எல்லா வேலையும் விழும். கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைக்கும் தண்டனை அது. வேலைப் பங்கீட்டை மாதம் ஒரு முறையாவது திருத்தி எழுதாவிட்டால் அவர் மனம் கசந்துவிடும்.

2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். "போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. வரும் தொகை, பென்ஷன், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் காட்டி, "நாளை பௌதியையும் அழைத்து வாருங்கள், மூவரும் பார்க்கலாம்" என்பேன். மனைவிக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடும் முடிவல்ல அது. போனவர்களுக்கு மாலை போட்டு அனுப்பினோம். காலி நாற்காலிகளின் வேலையையும் சேர்த்துச் சுமந்தவர்களை யாரும் அவ்வளவாக நினைக்கவில்லை. தங்கியவர்களையும் கவனிப்பது மேலாளரின் கடமை.

நான் ஓய்வு பெற்ற பிறகும் மாற்றம் நிற்கவில்லை. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020-ல் 12 ஆயின. 1865-ல் தொடங்கிய, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அலகாபாத் வங்கி, 2020 ஏப்ரல் 1 அன்று சென்னையின் இந்தியன் வங்கியோடு இணைந்தது. நாடே ஊரடங்கில் இருந்த நேரம் அது. இப்படிப்பட்ட இணைப்புகளில் மென்பொருளை ஒன்றாக்குவதற்குத் தேதி குறிக்கலாம். 'உங்கள் வங்கி, எங்கள் வங்கி' என்ற பேச்சு ஓய்வதற்குத் தேதி குறிக்க முடியாது. இரு பக்கத்தாரையும் கலந்து உட்கார வைப்பதும், இரு பக்கத்து நல்ல வழக்கங்களையும் எடுத்துக்கொள்வதும்தான் அதற்கு வழி.

இன்றைய இளம் மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கருவி வேறு, வேகம் வேறு. பயம் மட்டும் அதேதான். உங்கள் குழுவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மாற்றத்தில் உங்களுக்கு எது கையைவிட்டுப் போகிறது?" என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளையோ மருமகளோ மாலையில் முகம் வாடி வந்தால், "அடுத்த வீட்டுப் பையன் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டானாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்து, இன்று அலுவலகத்தில் புதிதாக என்ன வந்தது என்று கேளுங்கள். நமக்குப் பாதிதான் புரியும். சொல்லிக்காட்டுகிற சாக்கில் அவர்களுக்கு முழுதும் புரிந்துவிடும்.