காலிக் கடையும் காலனிக்காரரும்

தில்லியில் ஒரு காலனிக் கடை காலியானால் போதும், மாலையில் உலாவ வருவோரிடையே வழக்காடல் தொடங்கிவிடும். மருந்துக்கடை வேண்டும் என்பார் முதியவர், பால்கடை என்பர் தாய்மார், நமக்கோ இட்லிக்கடை!

ஆசை ஒருபுறமிருக்க, விதி சொல்வதென்ன? குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி நடந்த கடைகள் பல 2006-இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி மூடி முத்திரையிடப்பட்டன. மறு ஆண்டு வெளியான நகரப் பெருந்திட்டம் சிறிது இளகிற்று. வீட்டின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டருக்கு மேற்படாத கடை வைக்கலாம். ஆனால் பட்டியலில் கண்ட தொழில்களே ஆகும். மளிகை, மருந்து, தையல், சலவை, மாவரைக்கும் 'சக்கி' எல்லாம் உண்டு. தேநீர்க்கடையும் உண்டு, உட்கார இருக்கை மட்டும் கூடாது! நின்றுகொண்டே அரசியல் பேசலாம் போலும்.

பெரிய கடைகளுக்கோ தெருவையே அதற்கென அறிவிக்கவேண்டும். சில வகைக் காலனிகளில் அதற்குமுன் குடியிருப்போர் நலச்சங்கத்தைக் கலந்துகொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. இங்கேதான் நம் சங்கடம். சங்கங்கள் பலவற்றில் வீட்டுக்காரருக்கே வாக்கு. மாடியறையில் வாடகைக்கு இருக்கும் மாணவருக்கு இல்லை. மூன்று வேளையும் கடையை நம்பியிருப்பவரோ அவர்தாம்.